ஒரு வழி டிக்கெட்டில் வியட்நாம் செல்லும் இளைஞர்களுக்கு

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரே விமானம் பறக்கத் தொடங்கிய 2023ஆம் ஆண்டின் இறுதி முதல், என்னிடம் யோசனை கேட்டு வரும் மாணவர்களின் பேச்சில் வியட்நாம் என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. நண்பன் ஒருவன் முன்னமே போயிருக்கிறான், அவன் கைப்பேசியில் அனுப்பும் படங்கள் மனத்தைக் கவர்கின்றன என்பதற்காகப் புறப்படுகிறவர்கள் சிலர். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த வருத்தத்தில் தகப்பனார் ஏஜெண்டிடம் முன்பணம் கட்டிவிட்டார் என்பதற்காகப் புறப்படுகிறவர்கள் வேறு சிலர். இரு சாராரும் திரும்பும் தேதியில்லாத டிக்கெட்டை வாங்கிய பிறகே, அங்கே எந்த அந்தஸ்தில் வசிக்கப் போகிறோம் என்ற கேள்வியை நினைத்துப் பார்க்கிறார்கள். அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது, ஹோ சி மின் நகரத்தில் பல வருஷங்கள் கணித ஆசிரியனாக உத்தியோகம் பார்த்துத் திரும்பிய என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஒரு வழி டிக்கெட்டில் பிரயாணம் செய்வது குற்றமன்று. ஆயினும் விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் இடத்திலேயே, திரும்பும் டிக்கெட் எங்கே என்ற கேள்வி எழும். வியட்நாம் அதிகாரிகள் உள்ளே விடாமல் திருப்பியனுப்பும் பிரயாணியை மீண்டும் ஏற்றிக்கொண்டு வர வேண்டிய பொறுப்பு விமானக் கம்பெனியினுடையது. ஆகையால் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த இடத்தில், வியட்நாம் அரசாங்கம் வழங்கும் தற்காலிக வசிப்பு அட்டை வைத்திருப்பவருக்குச் சிரமம் குறைவு. அட்டை செல்லுபடியாகும் காலம் வரை அதுவே விசாவுக்கு ஈடாக நிற்கும். அட்டையின் ஆயுள் பாஸ்போர்ட்டின் ஆயுளைவிடக் குறைந்தது 30 நாளாவது குறைவாகவே நிர்ணயிக்கப்படுவதால், முடியும் தறுவாயிலுள்ள பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு விண்ணப்பிப்பதே விவேகம். அட்டை இன்னும் கைக்கு வராதவர், தம்மை அழைக்கும் ஸ்தாபனத்தின் கடிதத்தையும் அதற்குப் பொருத்தமான விசாவையும் பெட்டிக்குள் புதைக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவோடு ஒரு வழி டிக்கெட்டை நீட்டுகிறவரையே இந்தியக் குடியேற்ற அதிகாரிகளும் நிறுத்தி விசாரிப்பார்கள்.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வியட்நாம் பிரஜையை மணந்தவர்களுக்கும், அங்கே முறைப்படி உத்தியோகம் பார்ப்பவரின் மனைவி மக்களுக்கும் குடும்ப விசா உண்டு. அதன்பேரில் மூன்று வருஷம் வரை வசிப்பு அட்டை கிடைக்கும். முதலீடு செய்து தொழில் தொடங்குவோருக்கும் தனி விசா இருக்கிறது; ஆனால் முதலீடு வியட்நாம் நாணயத்தில் 300 கோடி டாங்குக்குக் குறைவாயிருந்தால் வசிப்பு அட்டை தரப்படுவதில்லை. இவ்விரண்டும் யாருக்குப் பொருந்தும் என்பது வெளிப்படையாதலால் விரித்துரைக்க அவசியமில்லை.

மூன்றாவது, உத்தியோகத்தை இங்கிருந்தே உறுதி செய்துகொண்டு போவது. இதில் பாரமெல்லாம் வேலை கொடுப்பவரைச் சேர்ந்தது. அவர்தாம் அந்நியர் ஒருவரை நியமிக்க வேண்டிய காரணத்தை அரசாங்கத்துக்கு விளக்கித் தொழில் அனுமதி பெற்றுத் தர வேண்டும். நம் பங்குக்குச் சான்றொப்பம் பெற்ற பட்டச் சான்றிதழும், அனுபவச் சான்றும், காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும், மருத்துவப் பரிசோதனையும் தேவை. அனுமதி இரண்டு வருஷத்துக்கு மேற்படாமல் வழங்கப்படும். அதைக்கொண்டு அதே கால அளவுக்குள் வசிப்பு அட்டையும் பெறலாம். ஆயத்த ஆடை, காலணி, மின்னணுச் சாதனங்கள், மென்பொருள் முதலிய துறைகளில் சில வருஷம் இங்கே உழைத்து அனுபவம் பெற்றவருக்கு இதைவிடக் கௌரவமான வழி இல்லை. கல்லூரிப் படிப்பை நேற்று முடித்தவருக்கு இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. ஏனெனில் சட்டமே அனுபவத்தைக் கேட்கிறது.

நான்காவது, மாணவராகப் போவது. இதில் பெற்றோரின் நிர்ப்பந்தத்தால் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவது மருத்துவம். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கிலத்திலேயே 54 மாதங்களுக்குக் குறையாமல் நடைபெற வேண்டும். அதே கல்வி நிலையத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக, படித்த நாட்டிலேயே அந்நாட்டுப் பிரஜைகளுக்குச் சமமாகத் தொழில் செய்யும் உரிமத்துக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை ஏஜெண்டுகள் வாய் திறந்து சொல்வதில்லை. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த வியட்நாமின் மருத்துவச் சட்டமோ, சில விலக்குகள் நீங்கலாக, அங்கே தொழில் செய்யும் அந்நிய மருத்துவர் வியட்நாம் மொழியில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் கான் தோ நகரத்து ஆஸ்பத்திரியில் வயிற்று வலியோடு படுத்திருக்கும் கிழவி, தன் வலியைத் தன் மொழியில்தான் சொல்வாள். அந்த மொழியைக் கற்கும் மனமும், நோயாளிகளின் பால் இயல்பான கருணையும் உள்ள பிள்ளைக்கு இப்படிப்பு தகும். பந்துக்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக ஆறு வருஷத்தையும் குடும்பத்தின் நிலத்தையும் செலவிடுவது தகாது.

மாணவருக்கு இன்னொரு மார்க்கமும் உண்டு. அதை யாரும் தேடுவதில்லை, நானோ எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். ஹோ சி மின் நகரத்திலுள்ள சமூக அறிவியல் மற்றும் மானுடவியல் பல்கலைக்கழகத்திலும், ஹனோயிலும், அந்நியருக்கு வியட்நாம் மொழி கற்பிக்கும் துறைகள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. அந்த மொழி ரோமன் எழுத்துகளில் எழுதப்படுவது. அலெக்சாந்தர் த ரோட் என்னும் யேசு சபைப் பாதிரியாரின் அகராதி 1651இல் ரோமாபுரியில் அச்சானது முதலே அவ்வெழுத்து அச்சில் நிலைபெறத் தொடங்கிற்று. ஆகவே எழுத்துகளை அடையாளம் காண்பது எளிது; சொல்லின் பொருளையே மாற்றிவிடும் தொனிகளைக் காதும் நாவும் பழகிக்கொள்வதுதான் சிரமம். பள்ளியில் வேலை முடிந்து மாலை வகுப்பில் அமர்ந்து நான் கற்ற அந்த மொழியே, பிற்காலத்தில் எனக்குக் கிடைத்த நன்மைகள் பலவற்றுக்கும் மூலமாயிற்று. வீட்டுக்காரரோடும் சந்தைக்காரியோடும் சக ஆசிரியர்களோடும் மனம் விட்டுப் பேச முடிந்தபோதுதான் நான் அந்த ஊரில் வசிப்பவன் ஆனேன். இரண்டு மொழிகளுக்கு இடையே நின்று பேசத் தெரிந்தவனுக்கு, இந்திய வியாபாரிகள் நாளுக்கு நாள் பெருகிவரும் அந்த நாட்டில் உத்தியோகம் தேடி வரும்.

இப்போது மிகுதியாகப் புகழப்படும் வழிக்கு வருகிறேன். மின் விசா எடுத்து, ஒரு வழி டிக்கெட்டில் போய் இறங்கி, அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் வேலை தேடிக்கொள்ளலாம் என்பதே அது. 2023 ஆகஸ்ட் 15 முதல் மின் விசா 90 நாள்வரை வழங்கப்படுகிறது. கட்டணம் ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே, இது வசிப்பதற்கான உரிமை என்ற மயக்கம் பிறக்கிறது. நாட்டைச் சுற்றிப் பார்க்கவும், மனிதர்களைச் சந்திக்கவும், தம் சுபாவத்துக்கு அந்த ஊர் ஒத்துவருமா என்று சோதிக்கவும் மின் விசா உத்தமமான சாதனம். ஆனால் அதில் வந்த ஒருவர், தொழில் அனுமதியில்லாமல் ஒரு நாள் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினாலும், சட்டத்தின் முன் குற்றவாளியே. அபராதம் 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் வரை. நம் பணத்தில் அது ஏறக்குறைய அரை லட்சத்திலிருந்து முக்கால் லட்சத்துக்கும் மேல். அபராதத்தோடு நாட்டைவிட்டு வெளியேற்றும் தண்டனையும் சேர்ந்து வரும்.

அங்கே போனபின் அனுமதி வாங்கிக்கொள்ளலாமே என்று ஏஜெண்டுகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மின் விசாவில் வந்தவர் தொழில் அனுமதி பெற்றுவிட்டால், நாட்டைவிட்டு வெளியேறாமலே விசாவின் நோக்கத்தை மாற்றிக்கொள்ள 2020 ஜூலை முதல் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் மறைக்கும் மறுபாதி என்னவென்றால், அந்த அனுமதிக்குரிய சான்றுகளில் பல இந்தியாவில் சான்றொப்பம் பெற வேண்டியவை. அவற்றை வீட்டுப் பீரோவில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, 90 நாள் கரைந்துகொண்டிருக்கும் வேளையில் தகப்பனாரைத் தலைநகருக்கும் சொந்த ஊருக்குமாக அலைய விடுகிறான். மேலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத அந்நியர், பட்டத்தோடு ஆங்கிலப் புலமைச் சான்றும் கற்பித்தல் பயிற்சிச் சான்றும் காட்டியாக வேண்டும். இவை இருந்தாலும், குழந்தைகளின் பெற்றோர் வெள்ளைக்கார முகத்தையே விரும்புகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, நன்கு கற்பிக்கும் நம்மவர்களைத் தட்டிக் கழிக்கும் ஆங்கிலப் பயிற்சி மையங்கள் பலவற்றை நான் அறிவேன்.

அனுமதியில்லாமல் வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் மையங்களிலோ நிலைமை இன்னும் பரிதாபம். ஒப்பந்தம் எழுத்தில் இராது. மாதக் கடைசியில் சம்பளத்தைக் குறைத்தால் கேட்க நாதி இல்லை. புகார் கொடுக்கப் போனால் தன் குற்றமே முதலில் வெளிப்படும் என்ற பயத்தால் இளைஞன் வாயடைத்து நிற்பான். எந்த அந்நியர் தங்கினாலும் 12 மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் போலீசுக்கு வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆகையால் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வீண். 90 நாள் முடிந்ததும் தாய் நின் மாகாணத்து மோக் பாய் எல்லைக்குப் பஸ்ஸில் போய், கம்போடியாவுக்குள் கால் வைத்து, புதிய விசாவில் மறுபடி நுழைகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அனுமதிப்பதும் மறுப்பதும் எல்லை அதிகாரியின் விருப்பம். அவர் மறுத்த நாளில், அறையும் துணிமணியும் நிலுவைச் சம்பளமும் அப்பக்கம் இருக்க, பிள்ளை மட்டும் இப்பக்கம் நிற்பான்.

அந்த எல்லைக்கு அப்பால் உள்ள பவெட் என்னும் ஊரைப் பற்றிப் பெற்றோர்கள் அறிந்திருத்தல் அவசியம். சூதாட்ட விடுதிகள் மலிந்த அவ்வூரிலும், கம்போடியாவின் பிற இடங்களிலும், கணினி வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப்போன இளைஞர்களின் பாஸ்போர்ட்டைப் பறித்து, அடைத்துவைத்து, இணைய மோசடியில் ஈடுபடுத்தும் கூட்டங்கள் இயங்கியிருக்கின்றன. அங்கே சிக்கிய இந்தியர்களை நம் தூதரகம் மீட்டு அனுப்பியதும், வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டதும் யாவரும் அறிந்தவை. சுற்றுலா விசா, ஒரு வழி டிக்கெட், போய்ச் சேர்ந்தபின் சொல்கிறோம் என்னும் வேலை, இந்த மூன்றும் ஒருசேர எவன் வாயிலிருந்து வந்தாலும், அவனோடு பேச்சை அந்த இடத்திலேயே முறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்பும் ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் என்னும் இணையதளத்தில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தேர்வு செய்யும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். துறை அனுபவம் உள்ளவர் தொழில் அனுமதியோடு போகட்டும். மொழியிலும் புதிய மனிதர்களிடத்திலும் ஆர்வமுள்ள பட்டதாரி, ஒரு வருஷச் செலவுக்குக் கையிருப்பு இருக்குமாயின், மொழி மாணவராகப் போகட்டும். உண்மையாகவே ஆசிரியராக விரும்புகிறவர், பயிற்சிச் சான்றை இங்கேயே பெற்று, இங்குள்ள பள்ளியொன்றில் சில காலம் வகுப்பெடுத்து, நியமனக் கடிதம் வந்தபின் புறப்படட்டும். எதிலும் மனம் நிலைகொள்ளாதவர், இருவழி டிக்கெட்டில் மின் விசா எடுத்துப் போய், ஊரைப் பார்த்துவிட்டு வந்து யோசிக்கட்டும்.

ஹோ சி மின் நகரம் சைகோன் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே நம்மவர் அங்கே போய் வாழ்ந்திருக்கிறார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து போனவர்கள் அரசாங்க உத்தியோகத்தை ஏற்றுப் போனார்கள்; செட்டிநாட்டு இளைஞர்கள் கடையின் பெயரையும் கணக்கையும் சுமந்து, மூத்தவர்களின் கீழ்த் தொழில் பழகினார்கள். துரோங் தின் வீதியில் அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில், தமிழர் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்ட பின்னரும், வியட்நாம் மக்கள் இன்றளவும் கைகூப்பி நிற்கிறார்கள். சிறு வயதிலேயே கடல் கடந்தவர்களாயினும், தாங்கள் எதற்காகப் போகிறோம் என்பதை அறிந்து போனவர்கள் அவர்கள். அந்தத் தெளிவே அந்நிய மண்ணில் அவர்களுக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

எந்தத் தேசத்துக்குப் போனாலும் மனிதன் தன் சுபாவத்தையும் உடன் கொண்டுபோகிறான். குழந்தைகளிடம் பொறுமையில்லாதவன் திருச்சியில் நல்ல ஆசிரியனாக முடியாதென்றால் சைகோனிலும் ஆக முடியாது. ரத்தத்தைக் கண்டு அஞ்சுகிறவனை விமானம் மருத்துவனாக மாற்றிவிடாது. ஆகையால் மாணவர்கள் தம் இயற்கையான நாட்டம் எதில் என்பதை முதலில் ஆராயட்டும். பெற்றோர்கள் பிள்ளையைக் கேளாமல் முன்பணம் கட்டுவதை நிறுத்தட்டும். காகிதங்களைச் சேர்ப்பதற்கும், ஒரு தொழிலைப் பழகுவதற்கும், ஒரு மொழியின் அடிப்படையைக் கற்பதற்கும் இங்கே செலவாகும் ஒரு வருஷம் நஷ்டமல்ல. அந்த வருஷத்தை முழு மனத்தோடு செலவிட்டுவிட்டு, பிறகு ஒரு வழி டிக்கெட்டையே தாராளமாக வாங்குங்கள்.