குவார்ட்டர்ஸ் வேலிக்கு எந்தச் செடி?

நெய்வேலி குவார்ட்டர்ஸில் செடிவேலி வைக்க நினைப்பவர் மண்ணைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும்: பணி ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம்? 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய ஊர் இது. குடியிருப்பில் எந்த வட்டமானாலும் வீடு நிறுவனத்துடையது, நம்முடையது அல்ல. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ சொந்த ஊருக்கோ கிளம்ப வேண்டியதுதான். நட்ட செடி அங்கேயே நிற்கும், அடுத்து வருகிறவருக்காக. மூன்று வருஷம் இருப்பவருக்கும் இருபது வருஷம் இருப்பவருக்கும் ஒரே செடியைச் சொல்ல முடியாது.

இந்தப் பேச்சு போன டிசம்பரில் டொராண்டோவிலிருந்து ஆரம்பித்தது. அண்ணன் மகள் போனில் அழைத்து, "சித்தப்பா, இங்க ஹாலின்னு ஒரு செடியை வேலியா வெச்சிருக்காங்க. பனி மூடினாலும் பச்சையா இருக்கு, சிவப்பா பழம் வேற. நம்ம வாசல்ல வைக்கக் கூடாதா?" என்றாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் முள்முள்ளாக இலை போட்டிருப்பார்களே, அதுதான். கூடாது என்றேன். அதன் உறவுக்கார மரங்கள் நீலகிரிச் சோலைக்காடுகளில் உண்டு. நம் கத்திரி வெயிலில் அந்தச் செடி நிற்காது.

ஆனால் அங்கே தோட்டம் போடுகிறவர் படும் பாடும் நாம் படும் பாடும் ஒன்றுதான். வருஷம் முழுக்க இலை வைத்திருக்கும் செடி வருஷம் முழுக்க நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அங்கே தையில் நிலம் உறைந்து வேருக்குத் தண்ணீர் கிடைக்காது; குளிர்காற்றில் இலை கருகும். இங்கே அதே கருகல் வைகாசியில். அவர்கள் காற்று மறைவில் நட்டு, நிலம் உறையுமுன் நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியில் மூடாக்குப் போடுகிறார்கள். குளிர் தாங்கும் செடிக்காக 1950-களில் நியூயார்க் பக்கம் கேத்லீன் மெசர்வ் என்ற பெண்மணி ஐரோப்பிய ஹாலியை ஜப்பான் பக்கத்துக் குட்டை ஹாலியோடு இனக்கலப்பு செய்து 'நீல ஹாலி'யை உருவாக்கினார். ஹாலியில் பனையைப் போல ஆண் வேறு, பெண் வேறு. பக்கத்தில் ஆண் செடி இல்லாவிட்டால் பெண் செடியில் பழம் பிடிக்காது. தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கியவர்கள் பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம் களாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் ஹாலி களாதான். தடித்துப் பளபளக்கும் இலை, எப்போதும் பச்சை, கணுவுக்குக் கணு இரட்டை முள். மல்லிகை சாயலில் வெள்ளைப் பூ, நல்ல வாசனை. காய் இளஞ்சிவப்பாகி, சிவந்து, கடைசியில் கருத்துவிடும். ஒரு கிளையை ஒடித்தால் பால் வடியும், கையில் பிசுபிசுப்பு போக நேரமாகும். செம்மண்ணில், சரளையில், யாரும் கவனிக்காத மூலையில் வளரும். வேரடியில் தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. வளர்ந்த களாவேலிக்குள் ஆடு தலையை விடாது. காயை ஊறுகாய் போடலாம். குறை ஒன்றே: மெதுவாக வளரும். விதையிலிருந்து வந்த கன்று முதல் இரண்டு வருஷம் நம் பொறுமையைச் சோதிக்கும். போத்து நட்டால் எளிதில் வேர் பிடிக்காது. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வாசலில் அந்த முள் வேண்டாம். கொல்லைப்பக்க எல்லைக்கு வைக்கலாம்.

அவசரக்காரர்களுக்கு நொச்சியும் ஆடாதோடையும். இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பென்சில் பருமனுக்குக் கொஞ்சம் மேலான குச்சியை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் துளிர்க்கும். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடைக்கு அந்தப் பெயர் என்பார்கள். அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும், சித்திரை மதியத்தில் துவண்டு மாலையில் நிமிரும். அடியில் அடிக்கடி வெட்டிவிடாவிட்டால் மேலே மட்டும் இலையாகி, கீழே ஓட்டை தெரியும். நொச்சி அதைவிட முரடு. கோடையில் கொஞ்சம் இலை உதிர்த்தாலும் ஒரு மழைக்குத் திரும்பிவிடும். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க வாசலிலேயே இலை இருக்கும்.

இட்லிப்பூவைப் பற்றி நானே பட்டதைச் சொல்கிறேன். காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையாக நட்டேன். ஆறே மாதத்தில் இலை மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன், இன்னும் மஞ்சளானது. சுவர் கட்டியபோது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணுக்கடியில் கிடந்ததுதான் காரணம். இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்தை அதனால் எடுக்க முடியாது. நம் செம்மண் அதற்கு ஒத்துவரும், ஆனால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட வேண்டும். புறத்திணை மரபில் ஆநிரை கவரப் போகிறவன் சூடுவது வெட்சி, மதிலைக் காப்பவன் சூடுவது நொச்சி. வெட்சி என்பது இந்த இட்லிப்பூதான். வேலி விஷயத்தில் நான் நொச்சிக்காரன்.

நர்சரியில் முதலில் காட்டுவது தங்கநிற துராந்தா. மலிவு, சீக்கிரம் அடரும். மாதம் ஒருமுறை கத்தரிக்க ஆள் இருந்தால் அழகுதான். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் புதராகிவிடும். அதன் மஞ்சள் பழம் குழந்தைகளுக்கு நஞ்சு. அரளியும் அப்படியே, வேரிலிருந்து பூ வரை நஞ்சு. சாலை நடுவில் இருக்கட்டும், வீட்டு வாசலில் வேண்டாம்.

மெதுவாக வளரும் களா, சீக்கிரம் வளரும் நொச்சி-ஆடாதோடை என்ற இரு கட்சிக்கும் நடுவில் நிற்கிறது மருதாணி. போத்திலும் வரும், வறட்சியும் தாங்கும், எவ்வளவு வெட்டினாலும் அடர்த்தியாகும். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலி பாதி மொட்டையாகவே நிற்கும், அதுவும் ஒரு கவாத்துதான். முழு வெயில் வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலில் பெரிய மரத்தை இழந்து வெட்டவெளியான வாசல்களுக்கு மருதாணி சரி. மர நிழல் இன்னும் உள்ள இடத்தில் ஆடாதோடையோ இட்லிப்பூவோ வையுங்கள்.

நடும் காலம் ஆவணி, புரட்டாசி. வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் வேர் ஊன்றிவிட வேண்டும். ஓரடி ஆழம் வாய்க்காலாகத் தோண்டி, தொழு உரம் கலந்து மூடுங்கள். களா இரண்டடிக்கு ஒன்று, மற்றவை ஓரடிக்கு ஒன்று. முழங்கால் உயரம் வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நுனியைக் கிள்ள வேண்டும். இதைச் செய்யாததால்தான் பாதி வேலிகள் கீழே ஓட்டையாக நிற்கின்றன. பங்குனியில் காய்ந்த சருகை அடியில் நாலு விரல் கனம் பரப்பினால் கோடையைப் பாதித் தண்ணீரில் கடக்கலாம்.

ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு என்றால் நொச்சி அல்லது ஆடாதோடை. பத்து வருஷம் என்றால் மருதாணி. அதற்கு மேல் இருப்பவரும், ஓய்வுக்குப் பிறகு குடியேற மனை வாங்கிப் போட்டிருப்பவரும் களாவை நடுங்கள். சந்தையில் நன்கு கருத்த களாப்பழம் கண்ணில் பட்டால் ஒரு கைப்பிடி வாங்கி அன்றைக்கே விதையைப் பிரித்து ஊன்றிவிடுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது.