ஐடி கொடுத்த பிறகே கன்வர்ஷன்

வேர்டு, டெக் (TeX) கோப்புகளை எக்ஸ்எம்எல் ஆகவும் மின்னூலாகவும் மாற்றும் வேலையில் திருவனந்தபுரத்துக்குத் தனிப் பெயர் உண்டு. டெக் பயனாளர்களின் உலக மாநாடு 2002-லும் 2011-லும் இங்கேதான் நடந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் யோசனை: கோப்புக்கும் அத்தியாயத்துக்கும் உரிய ஐடியை (அடையாளக் குறியை) மென்பொருளின் விருப்பத்துக்கு விடாதீர்கள், நீங்களே கொடுங்கள்.

கோப்புகளை மாற்றித்தரும் பாண்டாக் மென்பொருளைப் பாருங்கள். நாம் சொல்லாவிட்டால் தலைப்பிலிருந்தே ஐடியை உருவாக்கிக்கொள்ளும். 'முன்னுரை'யை ஆசிரியர் 'அறிமுகம்' என்று திருத்தினால் ஐடியும் மாறி, பழைய இணைப்பு அறுந்துவிடும். 'குறிப்புகள்' என்ற தலைப்பு இரண்டு முறை வந்தால் இரண்டாவதற்கு '-1' சேரும். முன்னால் இன்னொரு 'குறிப்புகள்' நுழைந்தால் ஐடிகள் ஓரிடம் தள்ளிப்போகும். இணைப்பு வேலை செய்யும், ஆனால் தவறான பக்கத்துக்குப் போகும். இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். மார்க்டவுன் கோப்பில் தலைப்பின் முடிவில் நெளிவு அடைப்புக்குள் '#' இட்டு உங்கள் ஐடியை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஐடியில் வரும் எண் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் த. கணபதி சாஸ்திரி பதிப்பித்த பாஸனின் 'ஸ்வப்னவாசவதத்தம்' 15ஆம் எண், ஆண்டு 1912. அவர் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தின் மூன்று பாகங்களும் 79, 80, 82. இடையில் 81 வேறு நூலுக்குப் போனதால் எந்தக் குழப்பமும் வரவில்லை. எண் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை; ஒன்றுக்கு ஒன்றுதான், கொடுத்தால் மாறாது என்பதே முக்கியம்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஐடி ஆங்கில எழுத்தில் தொடங்கட்டும். எக்ஸ்எம்எல் ஐடி எண்ணில் தொடங்கக் கூடாது, இடைவெளியும் கூடாது. சிறிய எழுத்து, எண், இடைக்கோடு போதும்.

2. தமிழ், மலையாள எழுத்துகளை ஐடியில் தவிர்க்கவும். 'ஸ்ரீ'யை ஸகரத்தாலும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. 2008-இல் தனிக் குறியீடு பெற்ற மலையாளச் சில்லெழுத்துகளிலும் இதே சிக்கல்.

3. ஐடியில் வரும் எண்ணை 7 என்று எழுதாமல் 007 என்று எழுதுங்கள், வரிசை கலையாது.

4. 'ஃபைனல்', 'புதியது' போன்ற சொற்கள் ஐடியில் வேண்டாம். திருத்த நிலைக்கு, அடுத்துச் சொல்லும் எக்செல் பதிவேட்டில் தனி நெடுவரிசை வையுங்கள்.

5. ஐடி, மூலக்கோப்பின் பெயர், தலைப்பு, வந்த தேதி ஆகியவற்றை எக்செலில் பதியுங்கள். நீக்கிய கோப்பின் எண்ணை வேறு கோப்புக்குக் கொடுக்காதீர்கள்.

வேலையை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை: மூலக்கோப்பின் தலைப்பு ஒன்றை மாற்றி, மறுபடி கன்வர்ட் செய்து, இரண்டு வெளியீடுகளையும் ஒப்பிடுங்கள். தலைப்பு மட்டும் மாறி, ஐடி அனைத்தும் அப்படியே இருந்தால் தைரியமாக அனுப்பலாம்.