கொதிக்காத கொதிகலன்

நுழையும் முன்

தில்லி, சிம்லா போன்ற நகரங்களின் குளிர்காலத்தில் வெந்நீர் இன்றியமையாதது. விறகடுப்பில் நீர் காய்ச்சிய காலம் மாறி, குளியலறைச் சுவரில் மின் கொதிகலன் இடம்பெற்றுவிட்டது. பேச்சு வழக்கில் கீசர் என்று நாம் குறிப்பிடுவது இதனையே. நாள்தோறும் இதன் விசையை அழுத்துகிறோம். உள்ளே நிகழ்வதை அறிந்திருக்கிறோமா?

பெயரும் பணியும்

கொதிகலன் என்னும் பெயரைக் கேட்டவுடன் அதனுள் நீர் கொதிப்பதாக எண்ணத் தோன்றும். ஆனால், இல்லக் கொதிகலனில் நீர் ஒருபோதும் கொதித்தல் கூடாது. நீரைச் சூடாக்குவது அதன் ஒரு பணி. உரிய அளவில் அதனை நிறுத்துவது அதனினும் தலையாய பணி. சூடாக்க ஓர் உறுப்பு போதும். அளவு மீறாமல் காக்க மூன்று உறுப்புகள் உள்ளன.

கொதிகலன் இரண்டு கூடுகளால் ஆனது. உள்கலத்தில் நீர் நிறைந்திருக்கும். உள்கலத்திற்கும் வெளிக்கூட்டிற்கும் இடையே வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் நுரைப்பொருள் அடைக்கப்பட்டிருக்கும். குளிர்நீர் கலத்தின் அடியில் நுழைகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே தங்குவதால் மேற்பகுதியிலிருந்து வெளியேறுகிறது. உள்ளே அமைந்த வெப்பச்சுருள் மின்னாற்றலை வெப்பமாக மாற்றுகிறது. வீடுகளில் பெரும்பாலும் 2,000 வாட் திறனுள்ள சுருளே பயன்படுகிறது.

முதற்காவலர்: வெப்பநிலைப்படுத்தி

தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைப்படுத்தியே முதற்காவலர். பல கொதிகலன்களில் இது திரவம் நிரம்பிய சிறு குமிழாக நீரை ஒட்டி அமைந்திருக்கும். நீர் சூடேறும்போது குமிழில் உள்ள திரவம் விரிகிறது; மெல்லிய குழாய் வழியே சென்று ஒரு தகட்டைத் தள்ளுகிறது. குறித்த வெப்பநிலை வந்ததும் தகடு மின்சுற்றைத் துண்டிக்கிறது, விளக்கு அணைகிறது. நீர் சில டிகிரி குளிர்ந்த பின்னரே மின்சுற்று மீண்டும் இணைகிறது. விளக்கு அவ்வப்போது எரிந்து அணைவதற்கு இதுவே காரணம், அது பழுதன்று.

இக்கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர், இரட்டை உலோகத் தகட்டால் இயங்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 1830-இல் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்னும் பெயரும் அவர் இட்டதே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்னும் பேராசிரியர், வகுப்பறையின் வெப்பநிலையைக் கொதிகலன் பணியாளருக்கு மின்மணி வாயிலாக அறிவிக்கும் கருவிக்கு 1883-இல் காப்புரிமை பெற்றார்.

ஒரு தவறான எண்ணம்

விரைவாக வெந்நீர் வேண்டுமெனில் திருகியை உச்ச அளவில் வைக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. நீர் சூடேறும் வேகத்தை உறுதி செய்வது வெப்பச்சுருளின் திறன். திருகி, எங்கே நிறுத்துவது என்பதை மட்டுமே கூறுகிறது.

ஒரு கணக்கைக் காண்போம். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. கலத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 15 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். அதனை 60 டிகிரிக்கு உயர்த்த 15 × 45 × 4.2 = 2,835 கிலோஜூல் வேண்டும். இது ஏறத்தாழ 0.8 யூனிட் மின்சாரம். 2,000 வாட் சுருள் இதற்கு ஏறக்குறைய 24 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

அதே நீர் 40 டிகிரியை அடைய ஏறக்குறைய 13 நிமிடம் ஆகும். திருகி 60-இல் இருந்தாலும் 75-இல் இருந்தாலும் அந்த 13 நிமிடம் மாறுவதில்லை. உச்ச அளவில் வைத்தால் நீர் தேவைக்கு மேல் சூடேறும், மின்சாரமும் வீணாகும்.

இரண்டாம் காவலர்: வெப்பத் துண்டிப்பான்

முதற்காவலர் பழுதடைந்தால் மின்சாரம் நிற்காது. நீர் மேலும் மேலும் சூடேறும். அப்போது செயற்படுவது வெப்பத் துண்டிப்பான். இரண்டு உலோகங்கள் ஒட்டிய சிறு வில்லை இதில் உண்டு. ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் விரிவதால், குறித்த வெப்பநிலையில் வில்லை சட்டென வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கிறது. இவற்றுள் பல, தாமாக மீண்டும் இணைவதில்லை; ஒருவர் கையால் அழுத்தியே இணைக்க வேண்டும். பழுதின் காரணத்தை ஆராயாமல் கருவி மீண்டும் இயங்குதல் கூடாது என்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

மூன்றாம் காவலர்: அழுத்தக் காப்பு வால்வு

நீர் சூடானால் விரியும். 20 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீர் 60 டிகிரியை அடையும்போது, அதன் பருமன் ஏறத்தாழ 230 மில்லிலிட்டர் கூடுகிறது. மூடிய கலத்தில் இந்நீர் செல்ல இடமில்லையெனில் அழுத்தம் உயரும். அழுத்தம் வரம்பை எட்டும்போது காப்பு வால்வு சிறிது திறந்து நீரை வெளியேற்றுகிறது. சூடேறும் வேளையில் வால்விலிருந்து சில சொட்டுகள் விழுவது இதனால்தான்.

அச்சொட்டை ஒழுகல் என்று கருதி வால்வின் வாயை அடைப்போர் உள்ளனர். இது பேராபத்தான செயல். வெப்பநிலைப்படுத்தியும் துண்டிப்பானும் பழுதான நிலையில், மூடிய கலத்தில் நீர் 100 டிகிரியைக் கடந்தும் திரவமாகவே இருக்கும். கலம் பிளக்கும் கணத்தில் அந்நீரின் ஒரு பகுதி நீராவியாக மாறும். நீராவியின் பருமன் நீரின் பருமனைப் போல் 1,600 மடங்குக்கும் மிகுதி. சுவரையும் பெயர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

எந்த அளவில் வைப்பது?

தேங்கிய நீர் 20 முதல் 45 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் நெடுநேரம் இருந்தால், லீஜியோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் அதில் பெருகக்கூடும். 60 டிகிரியில் அவை அழிகின்றன. ஆனால், 60 டிகிரி நீர் தோலில் பட்டால் சில நொடிகளில் கடுமையான புண் உண்டாகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தீங்கு இன்னும் மிகுதி. ஆகவே, கலத்தில் 60 டிகிரியில் சேமித்து, குளிர்நீருடன் கலந்து பயன்படுத்துதல் நன்று. 60 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீருடன் 15 டிகிரியில் உள்ள 12 லிட்டர் நீரைக் கலந்தால், 40 டிகிரியில் 27 லிட்டர் நீர் கிடைக்கும்.

வெப்பநிலை உயர உயர, கலத்திலிருந்து கசியும் வெப்பமும் கூடும். ஒரு நாள் முழுவதும் இவ்வாறு கசியும் வெப்பத்தின் அளவைக் கொண்டே இந்திய எரிசக்தித் திறன் செயலகம் கொதிகலன்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்குகிறது. நட்சத்திரங்கள் மிகுந்தால் இழப்பு குறைவு என்பது பொருள்.

நினைவிற் கொள்க

1. கலத்தில் நீர் நிறைந்துள்ளதா என வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்த பின்னரே விசையை அழுத்துக.
2. வாளியில் முதலில் குளிர்நீரையும் பின்னர் வெந்நீரையும் நிரப்புக.
3. நிலத்தொடுப்புக் கம்பி இல்லாத இணைப்பில் கொதிகலனைப் பயன்படுத்தாதீர்.
4. துண்டிப்பான் அடிக்கடி செயற்பட்டால் அதனை நீக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்காதீர். தேர்ந்த மின்பணியாளரை அழைக்கவும்.

காவலர் மூவரும் கண்ணுக்குப் புலப்படாமல் பணிபுரிகின்றனர். அவர்கள் பணியை அறிந்தவர், வால்வின் வாயை அடைக்கத் துணியார். கருவியை வாங்குவதற்குப் பொருள் போதும். அதனோடு அச்சமின்றி வாழ்வதற்கு அறிவு வேண்டும்.

சொற்பொருள்

இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
பருமன் – ஒரு பொருள் அடைக்கும் இடத்தின் அளவு
திருகி – திருப்பி அளவை மாற்றும் உறுப்பு
நிலத்தொடுப்பு – கசியும் மின்சாரத்தை நிலத்திற்குச் செலுத்தும் இணைப்பு

மொழியை அறிவோம்

வெந்நீர் = வெம்மை + நீர்; தண்ணீர் = தண்மை + நீர். இவை பண்புத்தொகைகள்.
சுடுநீர் என்பதைச் சுட்ட நீர், சுடுகின்ற நீர், சுடும் நீர் என முக்காலத்திற்கும் விரிக்கலாம். ஆதலால் இது வினைத்தொகை.

பயிற்சி

அ. பொருத்துக.
1. வெப்பநிலைப்படுத்தி – அழுத்தத்தைக் குறைப்பது
2. வெப்பத் துண்டிப்பான் – குறித்த அளவில் நிறுத்துவது
3. காப்பு வால்வு – முதற்காவலர் தவறினால் செயற்படுவது

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கொதிகலனின் விளக்கு அவ்வப்போது எரிந்து அணைவது ஏன்?
2. சில துண்டிப்பான்கள் தாமாக மீண்டும் இணையாதவாறு அமைக்கப்பட்டிருப்பது ஏன்?

இ. சுருக்கமாக விடை எழுதுக.
1. திருகியை உச்ச அளவில் வைத்தால் நீர் விரைவாகச் சூடேறுமா? கணக்கின் துணையுடன் விளக்குக.
2. காப்பு வால்வை அடைத்தல் ஏன் ஆபத்தானது?

ஈ. கொதிகலன் என்னும் சொல்லை முக்காலத்திற்கும் விரித்து எழுதி, அதன் இலக்கணக் குறிப்பைத் தருக.

உ. செயல்பாடு: பெரியவர் ஒருவர் துணையுடன் உங்கள் இல்லக் கொதிகலனின் கொள்ளளவு, திறன், நட்சத்திரக் குறியீடு ஆகியவற்றைக் குறித்து வருக. நீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரியை அடைய ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு வகுப்பில் கூறுக.