ஆஸ்பெஸ்டாஸ் தூசும் இழப்பீடும்

கேள்வி: தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்து, துளைபோட்டு வேய்வதுதான் 25 ஆண்டுகளாக என் அண்ணனின் வேலை. இதனால் புற்றுநோய் வருமா? வந்தால் இழப்பீடு உண்டா?
– ஒரு வாசகர், எட்டயபுரம்

பதில்: வரலாம். உடையாமல் கூரையில் கிடக்கும் ஷீட்டால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் கிளம்பும் தூசில்தான் கண்ணுக்குத் தெரியாத கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் இருக்கின்றன. நுரையீரலுக்குள் போன இழைகள் கரைவதில்லை. நுரையீரலைத் தழும்பாக்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா ஆகியவை அவற்றால் வருகின்றன.

மீசோதெலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் முதலாளி மாறியிருப்பார், ஆவணங்கள் தொலைந்திருக்கும். இழப்பீடு கேட்பவர்களுக்குப் பெருந்தடை இதுதான்.

அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் இதை நேராகக் கையாண்டது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது விலகியபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தையதோ அதுவரை ஆலைகள் காக்க வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் உறுதியானவர்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது.

கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் சட்டப்படி தொழில்நோய்கள். இ.எஸ்.ஐ. பதிவு உள்ளவர்கள் அங்கேயும், இல்லாதவர்கள் தொழிலாளர் துறையிடமும் இழப்பீடு கோரலாம்.

உங்கள் அண்ணனுக்கு மூச்சிரைப்போ விடாத இருமலோ இருந்தால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஷீட் அறுத்த வேலையை மருத்துவரிடம் சொல்லி, நோயாளிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கூலிச் சீட்டு, வேலை கொடுத்தவர்களின் பெயர், உடன் வேலை பார்த்தவர்களின் விவரம் எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள்.