அகன்ற கதவுள்ள அறை
பொதுக் கழிவறைகளில் நாம் பேண வேண்டிய ஒழுக்கங்கள்

"மலசலகூடத்தைப் பற்றியா சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதப் போகிறாய்?" என்று கேட்டு என் தோழி ஒருத்தி சிரித்தாள். அவள் சிரித்ததில் வியப்பில்லை. உண்ணும் முறை, உடுக்கும் முறை, பெரியோரிடம் பேசும் முறை ஆகியவற்றைச் சிறு வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்க்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் பொதுக் கழிவறையொன்றில் சக்கர நாற்காலிச் சின்னம் ஒட்டிய அகன்ற கதவைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் நமக்குக் கற்றுத் தந்ததில்லை. அந்த அறை யாருக்குரியது? நாம் அதனுள் செல்லலாமா? செல்வதாயின் எப்போது, எவ்வளவு நேரம்? இவற்றுக்கு எனக்கும் விடை தெரியாதிருந்தது. அந்த அறியாமையால் நான் செய்த ஒரு தவறே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் செய்த தவறு

சென்ற வருட விடுமுறையில் உம்மாவுடனும் சாச்சியின் மகளுடனும் கொழும்புக்குச் சென்றிருந்தேன். பெருநாளுக்கு முந்திய வாரம் ஆகையால் நாங்கள் போன கடைத்தொகுதியில் சனக்கூட்டம் நிறைந்திருந்தது. பெண்கள் கழிவறையில் எட்டுக் கதவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் இருவர் மூவர் நின்றனர். மூலையில் இருந்த அகன்ற கதவுள்ள அறை மட்டும் வெறுமையாக இருந்தது. நானும் சாச்சியின் மகளும் அதற்குள் நுழைந்தோம். உள்ளே பெரிய கண்ணாடி, கைகழுவும் தொட்டி, பையைத் தொங்கவிடக் கொளுவி எல்லாம் இருந்தன. வந்த வேலை முடிந்த பிறகும் நாங்கள் வெளியே வரவில்லை. பர்தாவின் ஊசிகளைக் கழற்றி, மடிப்பைச் சரிசெய்து, மீண்டும் குத்தினோம். ஒரு முறை கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. "ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தோம்.

கதவைத் திறந்தபோது வெளியே சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி இருந்தார். உம்மாவின் வயதிருக்கும். பத்து வயது மதிக்கத்தக்க அவரது மகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். "மன்னிச்சிக்கொள்ளுங்க மாமி" என்றேன். "பரவாயில்ல மகள். பயணம் போறதெண்டா நான் தண்ணியே குடிக்கிறல்ல. இண்டைக்கு வெயில் கூட. கொஞ்சம் குடிச்சிட்டேன்" என்றார். அவரது மடியில் ஒரு சால்வை விரிக்கப்பட்டிருந்தது. சிறுமி குனிந்து அதனை இன்னும் கீழே இழுத்துவிட்டபோதுதான் ஏன் என்று எனக்கு விளங்கியது.

அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எங்களுக்கு அங்கே ஒன்பது கதவுகள் இருந்தன. அவருக்கு இருந்தது ஒன்றுதான். அதனுள் நின்று நாங்கள் பர்தா ஊசி குத்திக்கொண்டிருந்தோம்.

அந்த அறை ஏன் பெரிதாக இருக்கிறது?

வீடு திரும்பியபின் இது பற்றித் தேடி வாசித்தேன். வீண் இடமென்று நான் எண்ணிய ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணம் உண்டு என்பதை அறிந்தேன்.

சக்கர நாற்காலியொன்று நின்ற இடத்திலேயே முழுமையாகத் திரும்புவதற்கு ஏறத்தாழ 1.5 மீற்றர் விட்டமுள்ள வெற்றுத் தரை வேண்டும். சாதாரண அறையில் அது இல்லை. கதவு வெளிப்புறமாகத் திறக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவரது உடலே மறித்துவிடும் அல்லவா? கொமட்டின் ஒரு பக்கத்தில் இடம் விடப்பட்டிருக்கும். நாற்காலியை அங்கே பக்கவாட்டில் நிறுத்தி, சுவரிலுள்ள கைபிடிக் கம்பியைப் பற்றி, கைகளின் பலத்தால் உடலைத் தூக்கி ஆசனத்துக்கு மாறுவார்கள். அந்த வெற்றிடத்தில் ஒரு வாளியோ குப்பைக்கூடையோ வைக்கப்பட்டால் நாற்காலியை அருகில் கொண்டுவர முடியாது. அறை திறந்திருந்தும் அவருக்குப் பயனில்லை.

சில இடங்களில் தரையைத் தொடுமளவுக்குச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். விழுந்து கிடப்பவர் இழுத்து உதவி கோருவதற்கான அவசர அழைப்புக் கயிறு அது. காலில் படுகிறது என்று அதனை மேலே சுற்றிக் கட்டிவிடுவோர் உண்டு. தரையில் கிடப்பவரின் கைக்கு அது எட்டாது போய்விடும்.

யாருக்கு அந்த அறை தேவை?

கதவிலுள்ள சின்னத்தை 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவியான சுசானே கோஃபோட் வரைந்தார். அவர் வரைந்தபோது நாற்காலி மட்டுமே இருந்தது. மனிதத் தலையைக் குறிக்கும் வட்டம் பின்னரே சேர்க்கப்பட்டது. ஒரு மாணவியின் கோட்டோவியம் இன்று உலகெங்கும் கதவுகளில் இருப்பது நமக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் அச்சின்னத்தைப் பார்த்து, நாற்காலியில் வருவோருக்கு மட்டுமே அவ்வறை உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

ஊன்றுகோலுடன் நடப்போருக்கும், முழங்கால் நோவினால் குந்தியிருக்க முடியாத முதியோருக்கும் அது தேவை. நமது நாட்டின் பல பொது இடங்களில் ஏனைய அறைகளில் குந்தும் பீங்கானும் இந்த அறையில் மட்டும் கொமட்டும் இருப்பதைக் காணலாம். சத்திரசிகிச்சையின் பின் வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்கள் அதனை மாற்றிச் சுத்தம் செய்ய இடமும் தண்ணீரும் தனிமையும் வேண்டும். குடல் நோயுள்ள சிலருக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுத்திருக்க இயலாது. ஓட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளையுடன் வரும் தாய், அப்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. இவர்களுட் பலர் பார்வைக்கு நம்மைப் போன்றே இருப்பர். பிரித்தானியாவில் எல்லா இயலாமைகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்ற பொருள்படும் அறிவித்தல்கள் இத்தகைய கதவுகளில் ஒட்டப்பட்டிருப்பது இதனாற்றான்.

சட்டம் சொல்வது

நமது நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் கீழ், பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரான அஜித் சி. எஸ். பெரேரா இவ்விடயத்தை உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் வழங்கிய கட்டளை, புதிய பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதிகள் இருக்க வேண்டுமென வலியுறுத்தியபோது கழிவறைகளைக் குறிப்பாக எடுத்துக் கூறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கழிவறையைப் பற்றிப் பேச வெட்கப்படவில்லை. ஒருவருக்குப் போகக்கூடிய கழிவறை இல்லாவிட்டால் அவருக்கு அந்த வைத்தியசாலையும் இல்லை, நூலகமும் இல்லை, பரீட்சை மண்டபமும் இல்லை. அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். அல்லது அந்த மாமியைப் போல நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். அவ்வாறு தாகத்தை அடக்குவது சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்படும் அபாயத்தைக் கூட்டும்.

ஆனால் சட்டத்தினால் அறையைக் கட்டுவிக்கத்தான் முடியும். கட்டிய அறை காலியாகவும் உலர்ந்தும் இருப்பது அதனைப் பாவிப்பவர்களின் கையில் உள்ளது.

பிற நாடுகளின் அனுபவம்

இவ்வறையைப் பூட்டி வைப்பதா, எல்லோருக்கும் திறந்து விடுவதா என்பதில் நாடுகள் வேறுபட்டன. பிரித்தானியாவில் 1981 முதல் ஒரு பொதுத் திறப்பு முறை உள்ளது. தேவையுள்ளவர் ஒரு திறப்பை வைத்துக்கொண்டு, இத்திட்டத்தில் சேர்ந்த கழிவறைகளை நாடெங்கும் திறக்கலாம். நமது நாட்டிலும் பூட்டு உண்டு. ஆனால் திறப்பு காவலாளியிடமோ சுத்திகரிப்புத் தொழிலாளியிடமோ இருக்கும். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது, அவசரத்தில் இருப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது.

ஜப்பான் மறுபக்கம் சென்றது. தோக்கியோவில் அகன்ற அறைகளுக்கு "யாவருக்குமான கழிவறை" என்ற பொருளில் பெயரிட்டார்கள். எவரையும் ஒதுக்காத அழகிய பெயர்தான். ஆனால் அதனால் எல்லோரும் அதற்குள் செல்லத் தொடங்க, அதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் வெளியே காத்திருக்க நேர்ந்தது. 2021இல் அந்நாட்டு அரசு கட்டட வழிகாட்டியைத் திருத்தி, அத்தகைய பெயர்களைத் தவிர்க்குமாறும், குழந்தைக்கு உடை மாற்றும் வசதி போன்றவற்றை ஏனைய அறைகளுக்கும் பகிருமாறும் கூறியது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பூட்டினாலும் துன்பம், முற்றாகத் திறந்தாலும் துன்பம் என்றாகிறது. கதவு திறந்திருக்க வேண்டும். நுழைபவரிடம் ஒழுக்கம் இருக்க வேண்டும்.

நாம் பேண வேண்டியவை

"அறை சும்மா கிடக்கிறது, வரிசையோ நீளம். சென்றால் என்ன?" என்ற கேள்வி நியாயமானதே. செல்வது பாவம் என்றோ குற்றம் என்றோ நான் கூற வரவில்லை. பின்வருவனவற்றை நினைவிற் கொண்டால் போதும்.

1. ஏனைய அறைகளில் ஒன்றேனும் காலியாக இருந்தால் அங்கேயே செல்லுதல் வேண்டும். விசாலமாக இருக்கிறது என்பது அகன்ற அறைக்குச் செல்ல ஒரு காரணமாகாது.

2. எல்லா அறைகளிலும் ஆள் இருந்து, நமக்குப் பொறுக்க முடியாத அவசரமாயின், சுற்றிப் பார்த்து, தேவையுள்ளோர் எவரும் இல்லையென்றால் சென்று விரைவாக வெளியேறலாம். தேவையுள்ளவர் வந்துவிட்டால், வரிசையில் எங்கு நின்றாலும் அவ்வறையில் முதலிடம் அவருக்கே.

3. பர்தா கட்டுதல், விளையாட்டுப் போட்டிக்கு உடை மாற்றுதல், தொலைபேசியில் பேசுதல் ஆகியவற்றுக்கு அது இடமல்ல. கண்ணாடி தேவையெனில் பொதுக் கண்ணாடி வெளியே இருக்கிறது. பெண்கள் மட்டும் உள்ள இடத்தில் அங்கேயே ஊசி குத்திக்கொள்ளலாம்.

4. தரையை ஈரமாக விடலாகாது. நாம் தண்ணீர் பாவித்துச் சுத்தம் செய்வோர். வுழூச் செய்யும்போது கால்களையும் கழுவுவோர். அந்த ஈரம் நமக்கு ஒரு பொருட்டல்ல. ஊன்றுகோலின் றப்பர் முனையோ ஈரத்தில் வழுக்கும். சக்கரத்தில் ஒட்டிய அழுக்குத் தண்ணீர், சக்கரத்தை உருட்டுபவரின் உள்ளங்கைக்கு வரும். ஆகவே வுழூவுக்கு அதற்கென உள்ள இடத்தை நாட வேண்டும். தண்ணீர்க் குழாயை நிலத்தில் போடாமல் கொளுவியில் மாட்ட வேண்டும்.

5. கொமட்டின் மேல் செருப்புடன் ஏறிக் குந்தும் பழக்கத்தை விட வேண்டும. உடலைத் தூக்கி மாறுபவர் தமது கையை ஊன்றுவது அந்த ஆசனத்தின் மேல்தான்.

6. உள்ளே இருக்கும்போது கதவு தட்டப்பட்டால், "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி வர வேண்டும்.

7. நடந்து வரும் ஒருவர் அவ்வறைக்குள் செல்வதைக் கண்டு முறைத்துப் பார்ப்பதோ, "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்பதோ கூடாது. தமது நோயை அந்நியரிடம் விளக்கும் கடமை எவருக்கும் இல்லை.

8. உதவ விரும்பினால் முதலில் கேட்க வேண்டும். கேளாமல் நாற்காலியைத் தள்ளுவது உதவியாகாது. "கதவைப் பிடிக்கவா?" என்ற ஒரு கேள்வி போதும்.

9. அவ்வறை பூட்டப்பட்டிருந்தாலோ, தும்புத்தடியும் வாளியும் வைக்கும் களஞ்சியமாக மாறியிருந்தாலோ, அவ்விடப் பொறுப்பாளரிடம் பணிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். தேவையில்லாத நாம் சொல்வது இலகு. தேவையுள்ளவர் அந்த வேளையில் வாதாடிக்கொண்டு நிற்க முடியாது.

நிறைவாக

அந்த மாமியை நான் மீண்டும் காணவில்லை. அவரது பெயரும் தெரியாது. அன்று பஸ்ஸில் வரும்போது உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ளைக்குப் பத்து வயசு எண்டாய். உம்மாட மடிக்குச் சால்வை போடத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இதனை வாசிக்கும் சகோதரிகள் அடுத்த முறை வெளியூர் செல்லும்போது, நீண்ட வரிசையும் காலியான ஓர் அகன்ற கதவும் கண்ணிற் படும். அப்போது அச்சிறுமியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பர்தா ஊசியை வெளியே நின்று குத்திக்கொள்ளலாம்.