மினிக்காயில் பிறந்திருந்தால்

திண்டிவனம்

அன்புள்ள கோமதிக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு சான்றிதழுக்காக அலுவலக வாசலில் காத்துக் கிடந்து அலுத்துப்போன வேளையில், யாரோ எடுத்த மினிக்காய்த் தீவின் படங்களும் உன் கண்ணில் பட, "விழுப்புரத்தில் பிறந்ததற்கு அங்கே பிறந்திருக்கக் கூடாதா பெரியப்பா, அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமாமே" என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பனாயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். எனக்கு அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. பெரியதொரு தேசத்தின் பிரஜையாக வாழ்வதில் நாம் அடைந்தது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்று ஒருதரமேனும் எண்ணிப் பாராமலே ஆயுளைக் கழித்துவிடுகிறவர்கள் நம்மில் பலர். நீ பதினேழு வயதிலேயே எண்ணத் தொடங்கியிருக்கிறாய். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அளவைப் பார். 2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனியே பிரியும்வரை நம் விழுப்புரம் மாவட்டத்தின் விஸ்தீரணம் 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் ஜனத்தொகை ஏறத்தாழ 34 லட்சத்து 58 ஆயிரம். அந்த மாவட்டமும் 1993இல் பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதிதான். மினிக்காயோ 5 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவது. அதே கணக்கெடுப்பில் அங்கு வசித்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். விழுப்புரம் ஜங்ஷனில் வடக்கே போகும் வண்டியில் ஏறினால் தேசத்தின் எல்லையைக் காண இரண்டு நாளுக்கு மேலாகும். மினிக்காயில் காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினால் மதியச் சோற்றுக்குள் தீவு முடிந்துவிடும். இன்னொன்று கேள், உனக்கு வியப்பாயிருக்கும்: 1956 நவம்பர் 1ஆம் தேதி லட்சத்தீவுக் கூட்டம் யூனியன் பிரதேசமாக ஆக்கப்படும்வரை, மினிக்காய் சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. திண்டிவனத்தையும் அந்தத் தீவையும் ஒரே கோட்டையிலிருந்துதான் ஆண்டார்கள்.

லட்சத்தீவின் மற்றத் தீவுகளிலிருந்து ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடல் மினிக்காயைத் தெற்கே பிரித்து வைத்திருக்கிறது. மற்றத் தீவார் மலையாளம் சார்ந்த மொழி பேச, இவர்கள் மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல் பேசுகிறார்கள். அந்தச் சிறு நிலத்திற்குள்ளும் பத்துப் பதினோரு ஊர்கள் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் பொதுவீடு ஒன்று, ஆண்களுக்கு ஒரு தலைவர், பெண்களுக்கு ஒரு தலைவி. தோணியைக் கரையேற்றுவதா, பாதையைப் பெருக்குவதா, விருந்து சமைப்பதா, எதுவானாலும் அவர்கள் ஆளனுப்பினால் வீட்டுக்கு வீடு வந்துதான் தீரவேண்டும். மணமானபின் ஆண்மகன் பெண்வீட்டிற்குச் சென்று வாழ்வது அங்கே வழக்கம். புகுந்த வீட்டில் கண்ணைக் கசக்கும் பெண்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த உனக்கு இந்த ஒரு செய்தியே அந்தத் தீவின்மேல் ஆசையை உண்டாக்கப் போதும் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் சூரை மீன் பிடிக்கும் விதத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தீவின் மேற்கே பவளத்திட்டு வளைத்துக்கொண்ட ஆழமற்ற உட்கடலில் முதலில் சிறிய இரைமீன்களை வலையிட்டு உயிரோடு பிடிக்கிறார்கள். அவற்றைத் தோணியின் நடு அறையில், அடிப்பலகைத் துளைகளின் வழியே கடல்நீர் வந்து போகும்படி செய்து, சாகாமல் காத்து வெளிக்கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் ஒருவர் இரைமீனை வாரி இறைக்க, இன்னொருவர் நீரை மழைபோல் தெளிக்க, இரைமீன் கூட்டமே துள்ளுகிறதென்று மயங்கிச் சூரைகள் தோணியை மொய்க்கும். அப்போது வரிசையாக நிற்பவர்கள் நீண்ட கழிகளில் கட்டிய தூண்டிலை வீசி இழுக்க, மீன் தலைக்கு மேலாகப் பறந்து வந்து தோணிக்குள் விழும். கொக்கியில் எதிர்முள் இல்லாமையால் தானே கழன்றுகொள்ள, மறுகணம் தூண்டில் மறுபடியும் தண்ணீரில் இருக்கும். கரைக்கு வந்தபின் மீனை அறுத்து, உப்புநீரில் அவித்து, புகையிட்டு, கல்லாய் இறுகும்வரை வெயிலில் காயவைத்தால், யாழ்ப்பாணத்தார் சம்பலுக்கு இடித்துப் போடுகிறார்களே, அந்த மாசி. இரைமீன் பிடிப்பவன், நீர் தெளிப்பவன், தூண்டில் வீசுபவன், கரையில் அவிப்பவள் என்று இவர்களில் எவர் ஒருவர் தவறினாலும் மற்றவர்கள் பாடு வீண் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைக் கொண்டு தீவார் நம்மைவிட உத்தமர்கள் என்று முடிவு கட்டிவிடாதே. ஆறும் ஏரியும் இல்லாத அந்தப் பவளமண்ணில் பெய்த மழை கீழிறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்கிறது. அதுதான் எல்லாருடைய கிணற்றுநீரும். ஒருவன் தன் கிணற்றை அசுத்தம் செய்தாலோ அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ அண்டைவீட்டான் குடிப்பது கெடும். அரிசி முழுவதும் கப்பலில் வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். தென்னையை அழிக்கும் எலிகளை ஒழிக்க ஆண்கள் அனைவரும் திரண்டு எலிவேட்டை ஆடுவது லட்சத்தீவில் பழங்காலத்து நிர்ப்பந்தக் கடமை. பரஸ்பர உதவி அங்கே தர்மம் ஆவதற்கு முன்பே ஜீவாதாரமாகிவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போவதற்கு வேறு ஊரும் கிடையாது.

போக இடமில்லை என்பதன் மறுபக்கத்தையும் பார். மினிக்காயின் தென்மேற்கே விரிங்கிலி என்னும் சின்னஞ்சிறு திட்டு ஒன்று உண்டு. முன்னாளில் தீவில் எவருக்கேனும் குஷ்டநோய் கண்டால் அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். உற்றார் கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஆனால் அவர்களை அடைய முடியாமல், அந்த மணல்திட்டிலேயே அவர்கள் வாழ்ந்து மடிந்தார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சமூகம் எடுத்த தீர்மானம் அது; முகம் தெரியாத அரசாங்கம் எதுவும் இட்ட ஆணையன்று. மாணிக்பான், தக்குரு, ராவேரி முதலிய வகுப்புகளாய், நிலமுடையவர் ஒருபுறம், கப்பலோட்டுபவர் ஒருபுறம், தென்னை ஏறுபவர் ஒருபுறம் எனப் பிறப்பினால் வகுத்த படிகளும் பழைய மினிக்காயில் உண்டு. எல்லாருக்கும் உன்னைத் தெரியும் என்றால், நீ யார் மகள், எந்தப் படியில் நிற்கத்தக்கவள் என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்றுதான் பொருள்.

இதை அறிய மினிக்காய்வரை போக வேண்டுமா என்ன? கடல் சூழாத தீவுகள் நம் பக்கத்திலும் ஏராளமாய் இருந்தன. ஊர்த்தெரு வேறு, சேரி வேறு. கிணறு வேறு, சுடுகாடு வேறு. யார் எந்த வழியாக நடக்கலாம், எந்தத் துணியை எப்படி உடுத்தலாம் என்பதுவரை அனைவரும் அனைவரையும் அறிந்து கண்காணித்த கிராமங்களைத்தான் சொல்கிறேன். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதனையே அரசியல் சாசனத்தின் அலகாகக் கொண்டதைப் பற்றித் தமக்கு மகிழ்ச்சி என்று வெளிப்படையாகக் கூறியபோது, கிராம சுயராஜ்யத்தில் பக்தி கொண்டிருந்த பலருக்கு அது கசந்தது. எனக்கும் கிராமத்தின்மேல் பாசம் உண்டு. ஆயினும் அந்த வழக்கில் அம்பேத்கர் பக்கமே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரையே எடுத்துக்கொள். அந்த ஊர் விவசாயக் குடும்பத்திலே பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்தக் காலத்தில் முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். அவர் ஆட்சியில்தான் கோயில் நுழைவுச் சட்டமும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகளாய்ப் போராடிவந்த தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. ஒரு கிராமத்திலே, தர்மகர்த்தாவையும் மிராசுதாரையும் தினந்தோறும் முகத்துக்கு முகம் பார்த்துப் பிழைக்க வேண்டிய ஏழை ஒருவன் எப்படி அந்த வழக்கங்களை எதிர்த்து நின்றிருக்க முடியும்? யாருக்கும் கடன்படாத தூரத்திலிருந்து, கோயிலுக்குப் போகிறவன் பெயரையோ குலத்தையோ கேளாமல் வந்த சட்டமே அந்தக் கதவைத் திறக்கும் வலிமை பெற்றிருந்தது. சட்டம் வந்த மறுநாளே எல்லாக் கதவும் திறந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. திறக்க மறுப்பது அன்றுமுதல் குற்றமாயிற்று. உன்னைத் தெரியாதது அரசாங்கத்தின் குறை என்று நீ எழுதியிருக்கிறாய். அதே தெரியாமை எத்தனையோ பேருக்குக் கிடைத்த முதல் விடுதலை.

அந்நியர்களின் உபகாரத்தில் நாம் எவ்வளவு வாழ்கிறோம் என்பதையும் எண்ணிப் பார். நம்மூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர்; திண்டிவனத்தைத்தான் அந்த எழுத்துகள் குறிக்கின்றன. டி.எம்.வி. 2 என்னும் ரகத்தை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறைகளாய் விதைத்தார்கள். அந்த உழவர்களில் எத்தனை பேர் நம்மூர் பேருந்து நிலையத்தில் கால் வைத்திருப்பார்கள்? அவர்கள் மாசூலைப் பற்றி இங்கே மல்லாட்டைச் செடிக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தியிருந்த ஆராய்ச்சியாளருக்குத்தான் என்ன தெரியும்? ஒருவரையொருவர் காணாமலே ஒருவர் மற்றொருவர் அடுப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்.

பெருநாட்டின் குற்றங்களை மூடிமறைப்பது என் நோக்கமன்று. லட்சத்தீவு முழுவதற்கும் ஒரு மக்களவை உறுப்பினர் உண்டு. 2024இல் அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியில் வாக்காளர் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். விழுப்புரம் தொகுதியிலோ சுமார் 15 லட்சம். பி. எம். சயீது என்பவர் 1967 தொடங்கி அங்கிருந்து பத்துத் தடவை தொடர்ந்து வெற்றி பெற்றார். தம் வாக்காளரில் பெரும்பாலோரின் குடும்பத்தையாவது அவர் அறிந்திருப்பார் என்று நம்பலாம். நம் தொகுதி உறுப்பினர் எத்தனை நல்லவராயிருந்தாலும் உன் சான்றிதழ் விஷயம் அவர் காதில் விழப் பெருமுயற்சி வேண்டும். படிவமும் எண்ணும் மனிதனை மறைத்துவிடுகின்றன என்பது உண்மை; அதற்கு மாற்று, காரியம் முடிய யாரையாவது தெரிந்து வைத்திருப்பது என்றால், தெரிந்தவர் இல்லாதவன் கதி என்ன என்றும் யோசி.

இனி, தீவு தனித்தே வாழ்ந்தது என்றும் நினைத்துவிடாதே. மினிக்காய் ஆண்கள் நெடுங்காலமாகவே கல்கத்தாவரை சென்று கப்பல் வேலைக்கு அமர்ந்தவர்கள். இன்றும் உலகக் கப்பல்கள் பலவற்றில் அவர்கள் மாலுமிகள். சூயஸ் வழியாய்க் கொழும்புக்கு வரும் கப்பல்களுக்காக ஆங்கிலேயர் 1885இல் ஏற்றிய கலங்கரைவிளக்கம் இன்னும் அங்கே நிற்கிறது. கிணற்றுநீர் உவர்க்கத் தொடங்கியபோது, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் குழாயில் ஏற்றி, மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்தக் குளிரால் அதைக் குடிநீராகக் குளிர்விக்கும் நிலையத்தை 2005இல் லட்சத்தீவின் கவரத்தித் தீவிலும் 2011இல் மினிக்காயிலும் அமைத்தார்கள்.

அதே தீவில் 1938இல் பிறந்த அலி மாணிக்பான், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மீன்களைத் தீவார் அறியும் விதத்தில் அறிந்திருந்த அவரை மண்டபத்திலிருந்த மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேலைக்கு வைத்துக்கொண்டு, ஒரு மீனினத்திற்கு அவர் பெயரையே இட்டார்கள். பின்னர், சிந்துபாத்தின் கடல்வழியில் ஓமானிலிருந்து சீனம்வரை செல்வதற்காக, டிம் செவரின் என்னும் யாத்திரிகருக்குப் பழைய முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்து ஒரு மரக்கலம் கட்டிக்கொடுத்தார். 'சோஹார்' என்று பெயரிட்ட அந்தக் கலம் 1981இல் கான்டன் துறைமுகத்தை அடைந்தது. நம் திருநெல்வேலிப் பக்கத்து வள்ளியூரில் தரிசு நிலத்தைப் பண்படுத்தியும் வாழ்ந்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கப்பலைத் தைக்கும் கை தீவில் பழகியது. அதைத் தேடிக் கண்டுபிடித்து வேலை கொடுத்த உலகம் தீவுக்கு வெளியே இருந்தது. இவற்றுள் எது பெரிது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் அப்பன் இதைப் படித்தால், அம்பேத்கரைப் பற்றி நான் எழுதியதில் பாதியை மறுப்பான். அவனோடு வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. நீ வாதாடிப் பார்த்து, அவன் என்ன சொன்னான் என்று எழுது. விரிங்கிலியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதையும் மறவாமல் எழுது.

இப்படிக்கு,
பெரியப்பா