பழைய லீவர் ரைஃபிளில் வார்த்த ஈயக்குண்டு: புதிதாக வருபவர்களுக்கு

வின்செஸ்டர், மார்லின் என்று பெயர் பொறித்த பழைய லீவர் ரைஃபிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "இதில் நானே வார்த்த குண்டைச் சுடலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவில் குடியேறிய நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தாராளமாகச் சுடலாம். இந்த வகையில் மூத்த துப்பாக்கிகள் ஈயத்துக்கென்றே பிறந்தவை. 1870களிலேயே வின்செஸ்டர் கம்பெனி ரைஃபிளோடு குண்டு வார்க்கும் அச்சையும், தோட்டா நிரப்பும் கருவியையும் சேர்த்து விற்றது. ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: வேகத்தின் மேல் ஆசைப்படாதீர்கள். குண்டு குழலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான்.

1. சட்டத்தை முதலில் பாருங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, ஒற்றைத் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நண்பர் வாயால் கேட்டு நம்பாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயக்குண்டால் வேட்டையாடக் கூடாது. ஊருக்குக் கிளம்பும் முன் ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை விமானத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மூலையில் ஒரு தோட்டா கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும்.

2. கையில் இருப்பது எந்தத் துப்பாக்கி என்று தெரிந்துகொள்ளுங்கள். 1873 மாடல் வின்செஸ்டர் கருமருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்தது. அதன் பூட்டு மூட்டு போல மடங்கி நிமிரும் அமைப்பு, அதிக அழுத்தம் தாங்காது. 1886, 1892, 1894 மாடல்கள் ஜான் பிரவுனிங் வடிவமைத்தவை. அவற்றின் பூட்டு அதைவிடப் பல மடங்கு உறுதி. ஆனால் .44-40 தோட்டா 1873இலும் நுழையும், 1892இலும் நுழையும். பெயர் ஒன்றாக இருப்பதால் பலமும் ஒன்றாகிவிடாது. 1892க்கு அழுத்தமாக நிரப்பியதை 1873இல் போட்டால் துப்பாக்கியும் போகும், முகமும் போகும். 1894 மாடல்கூட முதலில் .32-40, .38-55 என்ற கருமருந்துத் தோட்டாக்களுக்கே வந்தது. புகையில்லா மருந்தைத் தாங்கும் நிக்கல் எஃகுக் குழல் தயாரான பிறகு, 1895இல்தான் .30-30 வந்தது. அந்தக் காலத்துக் குழல்களில் "நிக்கல் எஃகு, புகையில்லா மருந்துக்கென்றே" என்ற பொருளில் எழுத்து வெட்டியிருக்கும். குழலைத் துடைத்துவிட்டு அதைத் தேடிப் படியுங்கள். பிறகு, பூட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் காசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

3. குழலை அளந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இது. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் அளவு ஒன்று. நூறாண்டுக்கு முன் குழலுக்குள் வெட்டிய புரியின் அளவு வேறு. .30-30க்குப் புரிப்பள்ளத்தில் அளந்தால் 0.308 அங்குலம் என்பது கணக்கு. பழைய துப்பாக்கியில் 0.309, 0.310கூட வரும். .44-40இல் இந்த வேறுபாடு இன்னும் மோசம்: 0.427 இருக்க வேண்டிய இடத்தில் 0.430 காட்டும் துப்பாக்கிகள் உண்டு.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, லீவரைக் கீழே இறக்கிப் பூட்டைத் திறந்து வையுங்கள். குழலைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். குழலைவிடச் சற்றே பருமனான, கலப்பில்லாத மென்மையான ஈயத் துண்டு ஒன்றை வாய்ப்பக்கம் வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி நுழைத்துவிடுங்கள். பிறகு பித்தளைக் கோலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். தள்ளும்போது கை சொல்வதைக் கேளுங்கள். வாய்ப்பக்கத்தில் இறுக்கம் இல்லாமல் சட்டென்று நுழைந்தால், அங்கே யாரோ துடைப்புக் கோலால் தேய்த்துத் தேய்த்து அகலமாக்கியிருக்கிறார்கள். பின் குறிமுனைக்காகக் குழலின் மேல் காடி வெட்டிய இடத்துக்குக் கீழே சில துப்பாக்கிகளில் திடீரென்று இறுகும். இதெல்லாம் நோட்டில் எழுத வேண்டிய சங்கதி. துண்டு மறுபக்கம் வந்து விழுந்ததும் மைக்ரோமீட்டரில் எதிரெதிர் மேடுகளை அளவிடுங்கள். துண்டில் மேடாக இருப்பதுதான் குழலில் பள்ளம்.

அந்த எண்ணைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அங்குலம் பெரிய குண்டுதான் உங்கள் குண்டு. நிரப்பிய தோட்டா வற்புறுத்தாமல் உள்ளே போக வேண்டும் என்பது ஒன்றே அதற்கு எல்லை. மார்லின் 1950களில் கொண்டுவந்த ஆழம் குறைந்த, எண்ணிக்கை கூடிய புரி உள்ள ரைஃபிள் கையில் இருந்தால் 0.310, 0.311 வரை போய்ப் பாருங்கள். "அந்தப் புரியில் ஈயம் ஓடாது" என்று சொல்பவர்கள் அநேகமாகச் சின்னக் குண்டைப் போட்டுப் பார்த்தவர்கள்.

4. இதுவரை செம்பு உறையிட்ட குண்டைச் சுட்ட குழலாக இருந்தால், செம்புப் படிவு முழுக்கப் போகும்வரை சுத்தம் செய்யுங்கள். துணியில் நீலமோ பச்சையோ வந்துகொண்டிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

5. அச்சு வாங்கும்போது மூக்கைப் பாருங்கள். லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள உருளையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அது பிரைமரைக் குத்தி உருளைக்குள்ளேயே வெடிக்க வைக்கலாம். எனவே தட்டை மூக்குதான். இதில் விலக்குக் கேட்காதீர்கள். .30-30க்கு 311041 என்ற எண்ணுள்ள அச்சு நல்ல துணை. கனெக்டிகட்டில் ஜான் பார்லோ நடத்திய ஐடியல் கம்பெனியின் பழைய வடிவம் அது; 1925இல் ஐடியலை லைமன் கம்பெனி வாங்கியது. தட்டை மூக்கு, கூட்டின் வாயை மடிக்க ஒரு பள்ளம், அடியில் செம்புத் தொப்பி மாட்ட இடம், எல்லாம் அதில் உண்டு.

6. ஈயம் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நினைக்காதீர்கள். கடினமான குண்டு அளவில் சிறியதாக இருந்தால் குழலை அடைத்துக்கொண்டு போகாது. ஓரமாகக் கசியும் சூடான வாயு ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். கார்ச் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈய எடைகளோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் இந்த வேலைக்குப் போதும். கணக்காக வேண்டுமென்றால் 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. லைமன் இரண்டாம் எண் கலவை என்று இதற்குப் பெயர். இப்போது வரும் சக்கர எடைகளில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில்தான் உருகும். சட்டியை 370க்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போடலாம். கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் சரியாக வார்படாது.

7. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. அது நொடியில் ஆவியாகிச் சட்டியில் இருப்பதை முகத்தில் அடிக்கும். ஈரமான ஈயக்கட்டி, வியர்வை வழியும் நெற்றி, பக்கத்தில் வைத்த சோடா, எதையும் சட்டியருகே விடாதீர்கள். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ கட்டாயம். மழைத்தூறல் வந்தால் அன்று வேலை இல்லை.

அச்சு சூடேறும்வரை குண்டுகள் சுருங்கிச் சுருங்கி வரும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போடுங்கள். அச்சின் மேல் தட்டில் நிற்கும் சின்ன ஈயக்குட்டையைக் கவனியுங்கள். முதலில் கண்ணாடிபோல மின்னும், பிறகு ஒரு கணத்தில் மங்கி உறையும். உறைந்த பின் இரண்டு மூன்று நொடி பொறுத்துத் தட்டை மரக்கட்டையால் தட்டித் திறங்கள். அவசரப்பட்டால் குண்டின் அடிப்பகுதி கிழியும். அடிப்பகுதியின் விளிம்பு கூர்மையாக, முழு வட்டமாக இருக்க வேண்டும். மூக்கில் சின்ன வடு இருந்தால் மன்னிக்கலாம், அடி விளிம்பு மழுங்கியிருந்தால் மன்னிக்கக் கூடாது. குழலை விட்டு வெளியேறும்போது வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த விளிம்பைத்தான். அச்சை ஒருபோதும் இரும்பால் தட்டாதீர்கள். இடையிடையே ஒரு துண்டு தேன்மெழுகைச் சட்டியில் போட்டுக் கிளறினால் கசடாகப் பிரிந்த வெள்ளீயம் மீண்டும் சேரும். மெழுகு தீப்பற்றும், விலகி நில்லுங்கள்.

8. தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப்பொருளும் சரிபாதி கலந்த மசகு பல தலைமுறையாக நிற்கிறது. புதுமை தேடி அலைய வேண்டாம். மசகு குண்டின் பள்ளங்களை நிரப்பினால் போதும். நொடிக்கு 1,600 அடிக்கு மேல் போக நினைத்தால் செம்புத் தொப்பி மாட்டுங்கள்.

9. தோட்டாக்கூட்டின் வாயைச் சற்று விரித்த பிறகே குண்டை அமர்த்துங்கள். விரிக்காவிட்டால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும், நீங்கள் மெனக்கெட்டு அளந்த ஆயிரத்தில் இரண்டு பங்கும் அங்கேயே போய்விடும். அமர்த்திய பின் குண்டின் பள்ளத்தில் வாயை மடித்துவிடுங்கள். இல்லையென்றால் உருளையில் இருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் அதிர்ச்சியில் உள்ளே நழுவி அழுத்தத்தைக் கூட்டும்.

10. மருந்தின் அளவை நான் சொல்ல மாட்டேன், வேறு யார் வாயால் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். லைமன் கம்பெனியின் வார்ப்புக் குண்டுக் கையேட்டிலோ மருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலோ உங்கள் துப்பாக்கிக்கும் உங்கள் குண்டின் எடைக்கும் உரியதைப் பார்த்து, ஆரம்ப அளவில் தொடங்குங்கள். அதற்குக் கீழேயும் போகாதீர்கள். வேகமாக எரியும் மருந்து கூட்டில் கொஞ்சம்தான் இடம் பிடிக்கும். மறந்து இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. குண்டை வைக்கும் முன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடையில் வாங்கும் 170 கிரெய்ன் .30-30 குண்டு நொடிக்கு 2,200 அடி போகும். வார்த்த குண்டுக்கு 1,400 முதல் 1,700 அடி வரை போதும்; அந்த வேகத்தில்தான் இந்தப் பழைய ரைஃபிள்கள் குண்டுகளை நெருக்கமாக அடிக்கும்.

11. முதலில் 50 கஜத்தில் சுடுங்கள். மணல் பையில் வைப்பது கைப்பிடி மரத்தை. குழலையோ அடி உருளையையோ வைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அடிக்கும். குழல் சூடேறினால் குறி நகரும், நிதானமாகச் சுடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தால் உடனே நிறுத்தி, தோட்டாவை இறக்கி, குழலில் குண்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துத் தோட்டாவுக்குப் பிறகு ஒரு துணியை ஓட்டுங்கள். சாம்பல் நிறச் செதில்கள் பின்பக்கத்தில், தோட்டா அறைக்கு அருகே சேர்ந்திருந்தால் குண்டு சிறியது. வாய்ப்பக்கம் சேர்ந்திருந்தால் மசகு வழியிலேயே தீர்ந்திருக்கிறது.

12. மார்லின் 336இல் ஒரே திருகைக் கழற்றினால் லீவரும் பூட்டும் கையோடு வரும், பின்பக்கமிருந்து துடைக்கலாம். வின்செஸ்டர் 94இல் அந்த வசதி இல்லை. வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும் என்றால் வாயில் பொருந்தும் பித்தளை வளையம் வழியாகக் கோலை விடுங்கள், அல்லது கயிறு கட்டி இழுங்கள்.

13. ஈயத்தின் நஞ்சு பெரும்பாலும் கை வழியாகவும் தூசி வழியாகவும் வயிற்றுக்குப் போகிறது. சமையலறைப் பாத்திரம், சமையலறை அடுப்பு எதையும் இதற்குத் தொடாதீர்கள். கராஜில் கதவைத் திறந்து வைத்தோ திறந்த வெளியிலோ வார்க்க வேண்டும், அங்கே சாப்பிடக் கூடாது. கசடைத் தட்டும்போதும் கூடுகளைத் தேய்க்கும்போதும் எழும் தூசிதான் மோசமானது. அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அதைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ தவழும் குழந்தையோ இருந்தால் வார்ப்பு வேலையை வீட்டை விட்டே வெளியே கொண்டுபோங்கள். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது சேராது, நீங்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்.